காட்டுவழி வண்டியும் அதன் கியர்ப் பெட்டியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் கற்றறிந்தோர் நின்று குறளையும் கம்பனையும் எடுத்துரைக்கக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். அதே மேடையில் ரயில்வே பார்சல் ஆபீசில் ரசீது எழுதும் ஒரு குமாஸ்தாவை நிறுத்திப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் பத்தாம் வகுப்புத் தேறியதோடு படிப்பை முடித்துக் கொண்டவன். "என்ன பேசுவது?" என்று செயலாளரைக் கேட்டேன். "எதை வேண்டுமானாலும் பேசுங்கள், ஆனால் தெரிந்ததைப் பேசுங்கள்" என்றார். எனக்குத் தெரிந்தவை இரண்டே. ஒன்று, பார்சல் கட்டண விகிதங்கள். அதைப் பேசினால் பாதிப் பேர் உறங்கிவிடுவீர்கள்; மீதிப் பேர் போன மாதம் வராத பார்சலைப் பற்றி என்னைக் கேள்வி கேட்பீர்கள். மற்றொன்று, ஜீப்பு வண்டியின் கியர். ஆகவே அதையே எடுத்துக் கொண்டேன்.

பொறியியல் கல்லூரி வாசலை நான் மிதித்ததில்லை. இச்சபையில் தொழிற்சாலைப் பொறியாளர்கள் பலர் வீற்றிருக்கிறார்கள். பிழை கண்டால் பொறுத்து, பின்னர் தனியே அழைத்துத் திருத்துமாறு வேண்டுகிறேன். ஒரு குமாஸ்தா ஏன் இதையெல்லாம் கற்கப் புகுந்தான் என்ற ஐயம் எழலாம். அதற்கு ஒரு காரணம் உண்டு. அஃது இடையிலே தானாகவே வரும்.

முதலில், கியர் எதற்கு என்பதைப் பார்ப்போம். நம்மில் மூத்தோர் நீராவி எஞ்சினைப் பார்த்து வளர்ந்தவர்கள். அந்தக் கரிய எஞ்சினுக்குக் கியர்ப் பெட்டி கிடையாது. நின்ற நிலையிலேயே கொதிகலனின் ஆவி முழு வலிமையோடு பிஸ்டனைத் தள்ளும். ஆயிரம் டன் சரக்கும் மெல்ல அசையும். பெட்ரோல் எஞ்சினோ அப்படிப்பட்டதன்று. அது சுழன்று கொண்டிருந்தால்தான் அதற்கு வலு. சுழற்சி குறைந்தால் வலு குறையும். மேலும் குறைந்தால் உதறி நின்றுவிடும். ஆகவே எஞ்சின் வேகமாகச் சுழல வேண்டும், சக்கரமோ மெதுவாகச் சுழல வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று சமரசம் செய்து வைப்பதுதான் கியர்ப் பெட்டி. சிறிய பற்சக்கரம் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றினால், வேகம் குறைகிறது. குறைந்த அளவுக்குத் திருகுவிசை கூடுகிறது. இலவசமாக ஒன்றும் கிடைப்பதில்லை. வேகத்தைக் கொடுத்து வலுவை வாங்குகிறோம்.

இவ்வாறு பற்சக்கரங்களை நகர்த்தி நகர்த்திக் கோக்கும் முறையை 1890களின் தொடக்கத்தில் பிரான்சு தேசத்தில் எமில் லெவாஸோர் என்பவர் தம் மோட்டார் வண்டியில் அமைத்தார். எஞ்சின் முன்னே, அதன் பின் கிளச்சு, அதன் பின் கியர், கடைசியில் சக்கரம் என்ற வரிசை அவர் வகுத்ததே. ஆனால் அந்த நாளில் கியர் மாற்றுவதென்பது ஒரு போர். சுழன்று கொண்டிருக்கும் இரு சக்கரங்களின் பற்களை ஒன்றோடொன்று இடித்துக் கோக்க வேண்டும். வேகம் ஒத்துவராவிட்டால் கரகரவென்று அலறும். பல் உடைந்தாலும் உடையும். அதற்காகவே ஓட்டுநர்கள் கிளச்சை ஒரு முறைக்கு இரு முறை மிதித்து, நடுவே எஞ்சினை முடுக்கி வேகத்தை ஒத்தமைத்துக் கியர் போட்டார்கள். 'டபுள் கிளச்சு' என்று நம் லாரி ஓட்டுநர்கள் சொல்வது இதனைத்தான். 1928இல் அமெரிக்காவில் காடிலாக் கார்களில் 'சிங்க்ரோமெஷ்' என்ற ஏற்பாடு வந்தது. பற்கள் கோக்குமுன்னரே சிறிய கூம்பு வளையங்கள் உரசி இரு பக்க வேகத்தையும் ஒன்றாக்கிவிடும். கார் ஓட்டுவது அன்றிலிருந்து மென்மையான தொழிலாயிற்று.

இதெல்லாம் சாலையில் ஓடும் வண்டியின் கதை. சாலை இல்லாத இடத்தில் ஓட வேண்டுமானால் இரண்டு புதிய தேவைகள் எழுகின்றன. முதலாவது, நான்கு சக்கரங்களும் இழுக்க வேண்டும். பின் சக்கரம் இரண்டும் சேற்றில் வெறுமனே சுழன்றால், முன் சக்கரமாவது பற்றி இழுக்கட்டும் என்பது நோக்கம். இரண்டாவது, சாதாரண முதல் கியரைவிட மிக மிக வலுவான ஒரு கியர் வேண்டும்.

நான்கு சக்கர இழுவை புதிய எண்ணமன்று. ஆலந்து நாட்டு ஸ்பைக்கர் சகோதரர்கள் 1903லேயே அத்தகைய பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார்கள். ஆனால் வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், கிளின்டன்வில் என்னும் சிற்றூரில் பட்டறை வைத்திருந்த ஆட்டோ ஸாக்கோவும் அவர் மைத்துனர் வில்லியம் பெஸர்டிக்கும் ஆவர். மாப்பிள்ளையும் மைத்துனரும் ஒரு பட்டறையில் ஒற்றுமையாக வேலை செய்தார்கள் என்பதே நம்மவர்க்கு வியப்பாக இருக்கும்! முன் சக்கரம் திரும்பவும் வேண்டும், அதே சமயம் எஞ்சின் விசையையும் ஏற்க வேண்டும். இந்த இடத்தில்தான் அதுவரை பலர் இடறினார்கள். 1908இல் இவ்விருவரும் அதற்கேற்ற ஒரு மூட்டுக்குக் காப்புரிமை பெற்றார்கள். அந்த வழியில் பிறந்த லாரிகள் முதல் உலகப் போரின் சேற்றுக் களங்களில் ஆயிரக்கணக்கில் ஓடின.

பின்னர் இரண்டாம் போர் வந்தது, ஜீப்பு பிறந்தது. 1940 செப்டம்பரில் பாண்டம் என்ற சிறிய கம்பெனி முதல் மாதிரி வண்டியை அமெரிக்க ராணுவத்திடம் கொடுத்தது. பிறகு வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு கம்பெனிகளும் 1945 வரை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. அதனுள்ளே இருந்த கியர்ப் பெட்டியைச் சற்று நின்று பார்ப்போம்.

ஓட்டுநர் அருகே மூன்று கம்பிகள் நிற்கும். நீண்டது கியர்க் கம்பி. முன்னே செல்ல மூன்று கியர், பின்னே செல்ல ஒன்று. மற்ற இரண்டும் குட்டைக் கம்பிகள். அவை கியர்ப் பெட்டிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் 'டிரான்ஸ்ஃபர் கேஸ்' என்னும் இரண்டாவது பெட்டியைச் சேர்ந்தவை. ஒரு கம்பி முன் அச்சுக்கு விசையைச் சேர்க்கும் அல்லது விலக்கும். இன்னொன்று 'ஹை', 'லோ' என்று இரு நிலைகளை உடையது. 'லோ'வில் போட்டால் எல்லாக் கியர்களும் ஒரே அடியில் ஏறத்தாழ இரு மடங்கு வலுவாகிவிடும். ஆக, மூன்று கியர் ஆறு கியர் ஆகின்றது. ஒரு நல்ல காவலும் அதில் வைத்தார்கள். முன் அச்சைச் சேர்க்காமல் 'லோ' விழாது. அத்தனை திருகுவிசையையும் பின் அச்சு ஒன்றே தாங்கினால் முறிந்து போகும் என்பது அதற்குக் காரணம்.

கணக்குப் பிரியர்களுக்காகச் சொல்கிறேன். போர்க்கால ஜீப்பில் முதல் கியர் 2.665க்கு 1; 'லோ' 1.97க்கு 1; அச்சில் உள்ள பற்சக்கரம் 4.88க்கு 1. மூன்றையும் பெருக்கினால் 25.6 வரும். எஞ்சின் ஏறக்குறைய இருபத்தாறு சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. போர் முடிந்து உழவர்களுக்கென்று வந்த ஜீப்பில் இதை இன்னும் வலுப்படுத்தினார்கள். முதல் கியர் 2.798, 'லோ' 2.46, அச்சு 5.38. பெருக்கினால் 37! எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்றில் மெல்ல ஓடிக் கொண்டிருக்கும்போது அந்த வண்டி மணிக்கு இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேலே நகரும். நம் வீட்டுப் பாட்டிமார் கோயில் பிராகாரத்தைச் சுற்றும் வேகம் அதைவிட அதிகம். அதே எஞ்சின் அதே சுற்றில், 'ஹை'யில் மூன்றாம் கியரில் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் போகும். பாறையில் ஒரு சக்கரம் ஏறி, மறு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது இந்த ஆமை வேகம்தான் வண்டியையும் ஆளையும் காப்பாற்றுகிறது.

இந்த உழவர் ஜீப்பின் வழிவந்த வண்டிகளையே 1940களின் இறுதி முதல் பம்பாயில் மகிந்திராக் கம்பெனியார் நம் நாட்டுக்குப் பொருத்தித் தரத் தொடங்கினார்கள். தாசில்தாரும், வனத்துறையும், நம் ரயில்வேயின் பாதைப் பொறியாளரும், தேர்தலுக்கு நின்றவரும், கள்ளச் சாராயம் பிடிக்கச் சென்றவரும், ஏன், கடத்தினவரும்கூட அதில்தான் போனார்கள்.

ஒரு குறையும் உண்டு. வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் நீண்ட வட்டத்திலும் பின் சக்கரங்கள் குறுகிய வட்டத்திலும் செல்கின்றன. முன் பின் அச்சுகளைக் கம்பி கொண்டு ஒன்றாகப் பூட்டிவிட்டால், இந்த வேறுபாட்டுக்கு இடமில்லை. மண்ணிலும் சேற்றிலும் டயர் சற்று வழுக்கி அதைச் சரிசெய்து கொள்ளும். தார்ச் சாலையில் வழுக்க வழியில்லாமல், பற்சக்கரங்களுக்குள் முறுக்கம் ஏறிக் கொண்டே போகும். பிறகு குட்டைக் கம்பியை எத்தனை பேர் இழுத்தாலும் வராது. அனுபவமுள்ள ஓட்டுநர் இழுக்க மாட்டார். வண்டியைச் சற்றுப் பின்னால் விடுவார். முறுக்கம் தளர்ந்து கம்பி தானாக விழும்.

ஏற்றத்தைப் பற்றி இவ்வளவு சொன்னேன். ஆனால் 'லோ' கியரின் பெருமை ஏற்றத்தில் பாதிதான். மறு பாதி இறக்கத்தில் இருக்கிறது. இறக்கத்தில் வண்டி எஞ்சினைத் தள்ளுகிறது. கால் எடுத்த எஞ்சினோ சுழல மறுத்து எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பு கியர் மடங்குக்கு ஏற்பப் பெருகிச் சக்கரத்தைப் பிடிக்கிறது. பிரேக்கைத் தொடாமலே வண்டி கட்டுக்குள் இறங்கும். பிரேக்கையே நம்பி இறங்கினால் அதன் டிரம் சூடேறி விரிந்து, கட்டையின் பிடி தளர்ந்து, மிதித்தாலும் நிற்காத நிலை வரும். நம் ரயில்வேயில் போர் காட் போன்ற மலைப் பாதைகளில் கட்டிழந்த வண்டியைப் பிடித்து நிறுத்த 'கேட்ச் சைடிங்' என்று ஏறுமுகமாக ஒரு கிளைப்பாதை வைத்திருப்பதை அறிவீர்கள். சாலை வண்டிக்குப் பெரும்பாலான இடங்களில் அந்தக் கிளைப்பாதை இல்லை. கியர் ஒன்றே உண்டு.

இவ்விடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

என் தந்தையார் 1970களில் பிழைப்புத் தேடி இப்பகுதிக்கு வந்து, ஓர் அலுவலகத்தில் ஜீப்பு ஓட்டுநராக அமர்ந்தார். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். இன்று அங்கே இருப்பவர்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1986ஆம் ஆண்டு மழைக்காலத்தில், சாத்பூரா மலையிலிருந்து ஓர் மேஸ்திரியையும் இரண்டு ஆட்களையும் ஏற்றிக் கொண்டு இறங்கி வரும்போது, ஒரு வளைவில் ஜீப்பு கட்டுக்கடங்காமல் ஓடிப் பக்கத்து மண்மேட்டில் மோதிக் கவிழ்ந்தது. தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை. மேஸ்திரிக்குக் கால் முறிந்தது. அவர் பிறகு வாழ்நாள் முழுவதும் சற்றுச் சாய்ந்தே நடந்தார்.

விசாரணை நடந்தது. கவிழ்ந்த வண்டியில் கியர்க் கம்பி நியூட்ரலில் இருந்தது. அதுவே சாட்சியாயிற்று. பெட்ரோல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் ஓட்டுநர் நியூட்ரலில் விட்டார் என்று முடிவு செய்தார்கள். என் தந்தையார், "இரண்டாம் கியரில்தான் இறக்கினேன்; கியர் தானாக நழுவிவிட்டது; அது நழுவுகிறதென்று வண்டிப் புத்தகத்தில் மூன்று முறை எழுதியிருக்கிறேன்" என்றார். வண்டிப் புத்தகம் விசாரணைக்கு வரவில்லை. "கியர் எப்படி ஐயா தானாக நழுவும்?" என்று கேட்டார்களாம். இரண்டு ஆண்டு ஊதிய உயர்வு நின்றது. மிச்சம் பிடித்த பெட்ரோலை விற்றார் என்ற பேச்சும் குடியிருப்பில் பரவிற்று. எனக்கு அப்போது ஆறு வயது. கோலி விளையாடும் இடத்தில் மற்றப் பிள்ளைகள் என்னை 'நியூட்ரல்' என்றே கூப்பிட்டார்கள்.

சபையோர் முன் ஒன்றை ஒப்புக் கொள்கிறேன். நானும் அந்த முடிவை நம்பினேன். வெளியே சொன்னதில்லை, ஆனால் முப்பது ஆண்டு நம்பினேன். அரசாங்கக் காகிதத்தில் எழுதியிருக்கிறதே, பொய்யாகவா இருக்கும் என்று ஒரு குமாஸ்தாவின் புத்தி எண்ணிற்று.

பத்தாண்டுகளுக்கு முன்பு, எங்கள் சரக்குக் கொட்டகைக்கு அருகே பழைய ஜீப்புகளைப் பிரிக்கும் பட்டறை ஒன்றில், ஒரு பார்சல் விவகாரமாகக் காத்திருக்க நேர்ந்தது. அங்கிருந்த முதிய மிஸ்திரி மூன்று கியர்ப் பெட்டி ஒன்றைத் திறந்து வைத்திருந்தார். பேச்சுக்கு இடம் வேண்டுமே என்று, "கியர் தானாக நழுவுமா, பாயி?" என்று கேட்டேன். அவர் சிரித்து, எண்ணெய் படிந்த ஒரு பற்சக்கரத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "விரலால் தடவிப் பார்" என்றார். பற்கள் நேராக இல்லை. ஒரு முனை தடித்தும் மறு முனை தேய்ந்தும், ஆப்பு போல் சரிந்திருந்தன.

விஷயம் இதுதான். ஏற்றத்தில் எஞ்சின் சக்கரத்தைத் தள்ளும். பல்லின் ஒரு பக்கம் அழுந்தும். இறக்கத்தில் சக்கரம் எஞ்சினைத் தள்ளும். அழுத்தம் பல்லின் மறுபக்கத்துக்கு மாறும். அந்தப் பக்கம் ஆப்பு போல் தேய்ந்திருந்தால், அழுத்தமே பற்களை ஒன்றிலிருந்து ஒன்று வெளியே தள்ளும். அதைத் தடுக்க உள்ளே ஒரு சிறு எஃகு உருண்டையும் அதன் பின்னால் ஒரு சுருள்வில்லும் இருக்கும். உருண்டை பள்ளத்தில் அமர்ந்து கியரைப் பிடித்துக் கொள்ளும். வில் தளர்ந்திருந்தால் பிடி போயிற்று. கியர் நழுவும். எந்தக் கம்பெனிப் பெட்டியாயினும், தேய்ந்தால் இதே கதிதான். நழுவினால் கம்பி எங்கே போய் நிற்கும்? நியூட்ரலில்! ஓட்டுநர் வேண்டுமென்றே போட்டாலும் நியூட்ரல்தான், தானாக நழுவினாலும் நியூட்ரல்தான். அந்தக் கம்பி எதற்கும் சாட்சி அன்று.

அன்றிரவு வீட்டுக்கு வந்து தந்தையாரிடம் இதை ஒரு பெரிய கண்டுபிடிப்புப் போல் சொன்னேன். அவர் சோறு பிசைந்து கொண்டிருந்தார். "இது எனக்கு அன்றைக்கே தெரியும், தம்பி. ஆறு மாதமாக இறக்கத்திலெல்லாம் இடது கையால் கம்பியை அழுத்திப் பிடித்துக் கொண்டுதான் ஓட்டினேன். அந்த வளைவில் மாடு ஒன்று குறுக்கே வந்தது. ஸ்டீயரிங்குக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது" என்றார். பிறகு, "நீ இப்போதுதான் கேட்கிறாய்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் அந்தப் பட்டறைக்குப் போகலானேன். என் கியர் ஞானமெல்லாம் அங்கே வந்ததுதான்.

கதையை விட்ட இடத்துக்கு வருகிறேன்.

ஜீப்பைப் பார்த்து இங்கிலாந்தில் 1948இல் லாண்ட் ரோவர் பிறந்தது. நான்கு கியரும் 'ஹை', 'லோ'வும் உடையது. அதன் முதல் வண்டிகளில் நான்கு சக்கர இழுவை எப்போதும் சேர்ந்தேயிருக்கும். திருப்பத்தில் முறுக்கம் ஏறாதபடி முன் அச்சுக்குப் போகும் வழியில், சைக்கிளில் இருப்பது போன்ற ஒரு ஃப்ரீவீல் வைத்தார்கள். சாமர்த்தியம்தான். ஆனால் சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் என்ன ஆகும்? அதுவேதான் இறக்கத்தில் முன் சக்கரத்துக்கும் ஆயிற்று. எஞ்சினின் பிடி முன் சக்கரத்துக்குக் கிட்டாது. அதனால் தரையருகே ஒரு வளையத்தை வைத்து, இழுத்தால் ஃப்ரீவீல் பூட்டிக் கொள்ளும்படி செய்தார்கள். சில ஆண்டுகளில் அதையும் கைவிட்டு, ஜீப்பின் வழிக்கே வந்து சேர்ந்தார்கள்.

முறுக்கத்துக்கு நல்ல மருந்து 1970இல் வந்த ரேஞ்ச் ரோவரில் பலரறியக் கிடைத்தது. இரு அச்சுகளுக்கும் நடுவிலே ஒரு டிஃபரென்ஷியலை வைத்தார்கள். முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுழலலாம். தார்ச் சாலையிலும் நான்கு சக்கரமும் இழுக்கலாம். சேறு வந்தால் நடு டிஃபரென்ஷியலைப் பூட்டிவிடலாம்.

இதே சமயத்தில் நம் ஜபல்பூரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். இங்குள்ள வாகனத் தொழிற்சாலையில், ஜப்பானிய நிஸான் கம்பெனியின் பட்ரோல் வண்டியை ஒட்டி, 1969 முதல் 1999 வரை ராணுவத்துக்காக 'ஜோங்கா' செய்தார்கள். ஜபல்பூரின் பெயரையே முதலெழுத்தில் சுமந்த வண்டி அது. தமிழ்க் குடும்பத்துக் கைகள் பலவும் அதற்கு நட்டு முடுக்கியிருக்கின்றன. அவர்களில் சிலர் முன்வரிசையில் அமர்ந்து, நான் ஏதேனும் தவறாகச் சொல்கிறேனா என்று பார்த்துக் கொண்டிருக்கிறார்கள்.

அடுத்து, தானே மாறும் கியர். கிளச்சு மிதி இல்லாமல், எண்ணெயின் சுழற்சியால் விசையைக் கடத்தும் தத்துவம் கப்பலிலிருந்து வந்தது. ஜெர்மனியில் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்பவர் 1905இல் கப்பல் எஞ்சினுக்காக அதற்கு உரிமை பெற்றார். ஒரு விசிறி எண்ணெயை வீச, எதிரே உள்ள விசிறி அதனால் சுழலும்; நடுவிலே எண்ணெயைத் திருப்பிவிடும் ஒரு நிலையான விசிறி இருந்தால் திருகுவிசையும் பெருகும். இதுவே 'டார்க் கன்வெர்ட்டர்'. ரயில்வே ஊழியன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் விட மாட்டேன். நம் யார்டில் வண்டிகளைத் தள்ளிக் கோத்த டபிள்யூ.டி.எஸ். 4 என்ற சிறிய டீசல் எஞ்சின், சித்தரஞ்சனில் கட்டப்பட்டது, இதே தத்துவத்தில் ஓடியது. அதிலிருந்த கடத்தி நம் ரயில்வேயின் பொறியாளர் எம்.எம். சூரி வகுத்தது, அவர் பெயராலேயே 'சூரி டிரான்ஸ்மிஷன்' என்று வழங்கிற்று.

காட்டுவழி வண்டியில் இது 1963ஆம் ஆண்டு மாடலாக வந்த ஜீப்பு வாகனியரில் நுழைந்தது. பழைய ஓட்டுநர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பில் நியாயமும் இருந்தது. ஊர்ந்து ஏறும்போது எண்ணெய் கொதிக்கும்; இறக்கத்தில் எஞ்சினின் பிடி எண்ணெயில் கரைந்து போகும்; நாம் கீழ்க் கியரில் இருக்க நினைக்கும்போது அது மேல் கியருக்கு ஓடும். ஆனால் ஏற்றத்தில் பாதி வழியில் நின்று மீண்டும் புறப்படும்போது, கிளச்சைக் கருக்காமல் புறப்படுவது இதில்தான். மணலில் கியர் மாற்றும் கணப்பொழுதில் வேகமிழந்து புதைவதும் இல்லை. பிற்காலத்தில் எண்ணெய் ஆற்றியும், இரு விசிறிகளையும் ஒன்றாகப் பூட்டும் கிளச்சும், கீழ்க் கியரிலேயே நிறுத்தி வைக்கும் வசதியும் வந்து, சிரித்தவர்களில் பலர் அதையே வாங்கினார்கள்.

இறக்கத்துக்கு வேறொரு விடை 1997இல் வந்தது. லாண்ட் ரோவரின் ஃப்ரீலாண்டர் என்ற சிறு வண்டிக்கு 'லோ' கியர் இல்லை. அதற்குப் பதிலாக, பொத்தானை அழுத்தினால் கணிப்பொறி நான்கு பிரேக்கையும் தனித்தனியே விட்டு விட்டுப் பிடித்து, வண்டியை மெல்ல இறக்கும்படி செய்தார்கள். இன்று பல கார்களில் அந்தப் பொத்தான் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் பிடிப்பது பிரேக்குதான் என்பதை மறக்கலாகாது. நீண்ட இறக்கத்தில் சூடேறுவது அதுவே. என் கருத்தில், 'லோ' உள்ள வண்டியில் 'லோ'வைப் போட்டுவிட்டு, பொத்தானைத் துணைக்கு வைத்துக் கொள்வதே மேல். இளைஞர்கள் என்னைப் பழமைவாதி எனலாம்.

நம் நாட்டில் 1985இல் மாருதியின் ஜிப்ஸி வந்தது. 2019இல் பொதுச் சந்தையை விட்டுச் சென்றது. மகிந்திராவின் தார் 2010இல் வந்தது. 2020இல் புதுப் பிறவி எடுத்தபோது ஆறு கியர்க் கம்பியோடும், தானே மாறும் ஆறு கியரோடும் இரு வகையாக வந்தது. இரண்டிலும் அந்தக் குட்டைக் கம்பியை விடவில்லை. 2023இல் வந்த ஜிம்னியிலும் அப்படியே. எல்லாவற்றிலும் வேடிக்கை, மின்சார வண்டிகள். மின் மோட்டார் நின்ற நிலையிலேயே முழுத் திருகுவிசை தரும், நம் நீராவி எஞ்சினைப் போல. அதற்குக் கியர் வேண்டியதில்லை. ஆனால் 2024இல் மெர்ஸிடஸ் கம்பெனி தன் ஜி வகை வண்டியை மின்சாரத்தில் செய்தபோது, ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு மோட்டாராக நான்கு வைத்து, அந்த நான்குக்கும் தனித்தனியே ஒரு 'லோ' கியரையும் வைத்தது!

நியூட்ரலில் இறக்கினால் எரிபொருள் மிச்சம் என்று இன்றும் நம் காலனியில் சிலர் நம்புகிறார்கள். இப்போதைய ஊசிமுனை எஞ்சின்களில் கியரில் இருந்து கால் எடுத்து இறங்கினால் எரிபொருள் அறவே நிற்கும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாதிருக்க எண்ணெய் குடிக்கும். பச்மடிக்கும் அமர்கண்டக்குக்கும் பிள்ளைகுட்டிகளோடு கார் எடுத்துச் செல்கிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

சென்ற ஆண்டு தீபாவளி விடுமுறையில் நாங்களும் பச்மடி சென்றோம். பிப்பரியாவில் ரயிலிறங்கி மேலே போனோம். தூப்கட் சிகரம், 1,352 மீட்டர், அங்கே சூரிய அஸ்தமனம் பார்க்க வாடகை ஜிப்ஸி ஒன்றை அமர்த்தினோம். எழுபத்தைந்து வயதான தந்தையார் முன் இருக்கையில், ஓட்டுநருக்கு இடப்பக்கம் அமர்ந்தார். திரும்பும்போது இருட்டிவிட்டது. இறக்கத்தின் தலையில் அந்த இளம் ஓட்டுநர் வண்டியை நிறுத்திக் குட்டைக் கம்பியை 'லோ'வில் போட்டு, இரண்டாம் கியரைக் கோத்தார். வண்டி உறுமிக் கொண்டு ஊர்ந்தது. முதல் வளைவு வந்தது. பின்னாலிருந்து நான் பார்த்தேன். தந்தையாரின் கை நீண்டு, கியர்க் கம்பியின் தலையில் அமர்ந்து, அழுத்திப் பிடித்துக் கொண்டது. ஓட்டுநர் திகைத்து, "பாபுஜி, அது நழுவாது, நல்ல பெட்டி" என்றார். "தெரியும், நீ ஸ்டீயரிங்கைப் பார்" என்றார் தந்தையார், தமக்குத் தெரிந்த இந்தியில். அடிவாரம் வரை கையை எடுக்கவில்லை. ஓட்டுநரும் எடுக்கச் சொல்லவில்லை.

அவர் இன்று இச்சபையில் மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார். நான் என்ன பேசப் போகிறேன் என்பது அவருக்குத் தெரியாது.